சீலோவாம் கோபுரமும் நமது கடற்கரையும்

(பொன்விழா ஆண்டின் தவக்காலத் தியானத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா ஆண்டில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசாமல் துன்பத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணலாம். ஆனால் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த எந்தப் பங்கும் துன்பத்தை மறந்துவிட்டு விழாக் கொண்டாட இயலாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் பெருவெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் நம்மிடையே ஒரே கேள்வி எழுந்தது: இது யார் செய்த பாவம்?

இக்கேள்விக்கு நாம் ஒருமுறை தவறான விடை கூறினோம். அதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்வதே முறை. ஆழிப்பேரலை வந்தபோது நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன உதவிப் பங்குத்தந்தை. மூன்றாம் நாள், குப்பத்து மக்கள் தங்கியிருந்த ஒரு திருமண மண்டபத்திற்குச் சென்றோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். என்ன சொல்வதென்று தெரியாமல், "அம்மா, எல்லாம் ஆண்டவர் சித்தம். நாம் செய்த பாவங்களுக்காக மனம் வருந்துவோம்" என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எம் புள்ளைக்கு நாலு வயசு சாமி. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்த நமக்கு விடை வரவில்லை. தலைகுனிந்து வெளியே வந்தோம்.

அன்றிரவு லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தோம். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை அங்கே காண்கிறோம். இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்கிறார். இல்லை என்று அவரே விடையும் கூறுகிறார். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டிச் சீடர்கள் இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்டபோதும், இரண்டுமில்லை என்றே சொன்னார். ஆண்டவர் இத்தனை தெளிவாக மறுத்ததை நாம் அந்த மண்டபத்தில் ஒரு தாயின் தலையில் சுமத்திவிட்டோம்.

நம் கடற்கரையே இதற்குச் சாட்சி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்த பெண்களின் தொகை ஆண்களின் தொகையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று பின்னர்க் கணக்கிட்டார்கள். பெண்கள் மூன்று மடங்கு பாவிகளா? இல்லவே இல்லை. ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தனர். ஆழ்கடலில் அந்த அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். கரையை நெருங்கும்போதுதான் மதில்போல் எழும்பும். மீனை வாங்கி விற்பதற்காகப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். குடும்பத்துக்கு உழைக்க நின்ற இடத்திலேயே மடிந்தார்கள். அதே நாளில் வேளாங்கண்ணியில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த யாத்திரிகர் பலர் கடற்கரையில் மாண்டனர். அன்னையைத் தேடி வந்தது அவர்கள் குற்றமா?

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தையும் பாருங்கள். சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. காட்டுக்கு வெளியே, கடலை நேராகப் பார்த்து நின்ற குப்பங்கள் சிதைந்தன. இம்மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த அறிவியலாரும் 2005-இல் இதையே எழுதினார்கள். அலை புண்ணியவான் யார், பாவி யார் என்று பார்த்து வரவில்லை. இடையில் மரம் நின்ற இடத்தில் தணிந்தது; இல்லாத இடத்தில் அழித்தது.

அப்படியானால் மனந்திரும்புதல் வேண்டாமா? இங்கேதான் ஆண்டவருடைய சொல்லைக் கவனமாகக் கேட்க வேண்டும். இறந்தவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று சொன்ன அதே மூச்சில், உயிரோடு நின்றவர்களை நோக்கி, நீங்கள் மனம் மாறாவிட்டால் அழிவீர்கள் என்றார். துன்பப்பட்டவரிடம் கணக்குக் கேட்கவில்லை, தப்பியவரிடம் கேட்டார். மனந்திரும்புதல் என்பது மாண்டவர்களைக் குறித்து நாம் எழுதும் தீர்ப்பு அன்று. பிழைத்திருக்கும் நம்மைக் குறித்து நாமே செய்யும் ஆத்தும சோதனை.

அந்தச் சோதனையில் நாம் எங்கே நிற்கிறோம்? ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோர முகாம்கள் சிலவற்றில் தலித் மக்கள் தனியே நிறுத்தப்பட்டார்கள். நிவாரணப் பட்டியலிலும் பின்தள்ளப்பட்டார்கள். எல்லார் வீட்டையும் ஒன்றாய் இடித்த அலைகூட நம் உள்ளத்துச் சாதிச் சுவரை இடிக்கவில்லை. வெள்ளம் வந்தபோது மழையை மட்டும் பழித்தோம். ஓடையை ஆக்கிரமித்த கையையும், வடிகாலை அடைத்த கையையும் பற்றிப் பேசவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கோபம், பொய், திருப்பலிக்கு வராதது ஆகியவற்றைச் சொல்கிறோம். இவற்றை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் துன்பத்தைப் பற்றி ஒரு திருமுகம் எழுதினார். எல்லாத் துன்பமும் தண்டனை அன்று என்பதற்கு யோபுவைக் காட்டிய அவர், முடிவில் நல்ல சமாரியனிடம் நம்மை அழைத்துச் செல்கிறார். அடிபட்டுக் கிடந்தவன் ஏன் அடிபட்டான் என்று சமாரியன் விசாரிக்கவில்லை, காயத்தைக் கட்டினான். அந்த மண்டபத்தில் நாம் செய்திருக்க வேண்டியதும் அதுவே: பேசாமல் அந்தத் தாயின் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிலுவையடியில் நின்ற மாமரியிடம் யாரும் காரணம் விளக்கவில்லை. அருளப்பர் கூட நின்றார், பின்பு தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.

சீலோவாம் செய்தியை அடுத்து ஆண்டவர் அத்திமர உவமையைச் சொல்கிறார். கனி தராத மரத்தை வெட்டச் சொன்னார் உரிமையாளர். தோட்டக்காரரோ, இன்னும் ஓராண்டு விடும்படி மன்றாடினார்; சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகச் சொன்னார். பங்கு மக்களே, நம் பொன்விழா ஆண்டு அந்த ஓராண்டுதான்! பழைய ஏற்பாட்டிலும் ஐம்பதாம் ஆண்டு விடுதலையின் ஆண்டு. அடிமை வீடு திரும்பிய ஆண்டு, இழந்த நிலம் உரியவரிடம் சேர்ந்த ஆண்டு.

ஆகவே கொடியேற்றத்துக்கு முன் மூன்று காரியங்களைச் செய்வோம். தீராத கடனால் வாடும் ஒருவரின் வட்டியை மன்னிப்போம். விழா விருந்தில் தெரு பார்த்து அமராமல் கலந்து அமர்வோம். கல்லறைத் தோட்டத்திலும் அப்படியே. நம் தெருவில் துக்கத்தோடு இருக்கும் ஒருவரை, எம்மதத்தவராயினும், தேடிச் சென்று பார்ப்போம்; புத்திமதி சொல்லாமல் அருகில் அமர்வோம்.

அந்தத் தாயை மறுபடியும் காணும் பேறு நமக்குக் கிட்டவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இறைவனிடமும் உங்களிடமும் கேட்கிறோம். மரம் இன்னும் நிற்கிறது. தோட்டக்காரரும் மண்வெட்டியோடு நிற்கிறார். இவ்வாண்டு கனி கொடுப்போமாக! ஆமென்.