இஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஓட்டுங்கள்
(திருகோணமலையில் லொறிச் சாரதி வேலை பழகும் தோட்டத்து இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



நம்ம லயங்களில் சுடுகிற ரொட்டிக்கு மா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இங்கே சீனன்குடாவில், 1980இல் ஓடத் தொடங்கிய பிறீமா ஆலையிலிருந்து. அந்த மூட்டைகள் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று லொறியில் போய், கம்பளைக்கு அப்பால் இறம்பொடை ஏறி, ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைச் சேரவேண்டும். நாளைக்கு அந்த லொறி உங்கள் கையில்.

"நல்லா மிதிச்சாத்தானே வலு வரும்?" என்று கேட்கிறீர்கள். பாதி சரி. இஞ்சின் தருகிற முறுக்கத்தையும் அது சுற்றுகிற வேகத்தையும் பெருக்கி வருவதுதான் வலு. பல டீசல் லொறிகளில் முறுக்கம் நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில் உச்சம். வலுவோ 2,500 வரைக்கும் ஏறும். ஆனால் சுற்று கூடக்கூட உராய்வும் கூடும். பிஸ்டனும் பெயாரிங்கும் விசிறியும் டீசலைத் தின்னும். ஆகவே சிக்கனம் இருப்பது நடுச் சுற்றில்.

கந்தளாய் றோட்டு சமதரை. அங்கே மணிக்கு 50 கிலோமீற்றரில் மேல் கியரில் போனால் போதும். கீழ்க் கியரில் அலறவிடுவது காசை வீசுவதுதான். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்றபோது இந்தக் கணக்கு எல்லாருக்கும் தானாக விளங்கிவிட்டது!

அதற்காக ஏற்றத்திலும் மேல் கியரைப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இஞ்சின் திணறி இடிக்கும், கரும்புகை தள்ளும். அந்தப் புகை எரியாமல் போன டீசல். சுற்று விழுமுன்பே கியரைக் குறையுங்கள். வலு தேவைப்படும் இடம் அதுதான், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

இறக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. எண்ணெய் மிச்சம் என்று நியூற்றலில் விடுகிறவர்கள் உண்டு. வெறும் பைத்தியக்காரத்தனம். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இப்போதைய இஞ்சின்கள் டீசலையே நிறுத்திவிடும். நியூற்றலில் தான் ஓட எண்ணெய் குடிக்கும். அதோடு பாரமெல்லாம் பிறேக்கில் விழும். சூடேறினால் பிறேக் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். சுற்று சிவப்புக் கோட்டைத் தொடப் பார்த்தால் பிறேக்கை விட்டுவிட்டு மிதித்துக் குறையுங்கள்.

மிச்சக் கேள்விகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு லொறியடியில் நின்று, இஞ்சினை ஓடவிட்டே பேசுவோம்.