கச்சை கட்டியதும் கொடிக்கு உரியதும்



தனித்தேனீக்களை வர்ணித்துப் பெயரிட்டு இனங்காணும் முறைகளை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமை வகிக்கும்படி என்னை அழைத்தபோது, இந்த ஆசனத்துக்கு என்னைக் காட்டிலும் தகுதியுடையோர் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள் என்பதை நன்றாக அறிந்திருந்தும் நான் மறுக்காமல் ஒப்புக்கொண்டதற்கு ஒரே ஒரு காரணந்தான் உண்டு. தலைமையுரைக்குக் குறுக்குக் கேள்வி கிடையாது; என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு குறையை இடையூறின்றிச் சொல்லிவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. பூச்சியின் உடலை வர்ணிப்பதில் நாம் காட்டுகிற சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட, அந்தப் பூச்சியின் அடியில் ஊசியில் குத்தி வைக்கிற சீட்டை எழுதுவதில் நாம் காட்டுவதில்லை என்பதே அந்தக் குறை.

இதைப் பொதுப்படச் சொன்னால் எல்லோரும் தலையசைத்துவிட்டுத் தேநீருக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் ஒரு தேனீயின் சரித்திரமாகவே சொல்லுகிறேன். அது நம் நாட்டுத் தேனீ அன்று. மேற்கு ஐரோப்பாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் வாழ்வது. அங்கே கோடை கழிந்து, பூக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பூச்சி பிடிப்பவர்கள் வலைகளை மடித்து வைத்த பிறகு, சுவர்களிலும் மரங்களிலும் ஏறிப் படர்ந்திருக்கும் ஐவி என்னும் பசுங்கொடி செப்டம்பர் மாதத்தில்தான் மஞ்சளும் பச்சையும் கலந்த தன் சிறு பூங்கொத்துகளை விரிக்கத் தொடங்குகிறது. அந்தக் கொத்துகளில் நவம்பர் தொடக்கம் வரையில், வயிற்றில் வெளிர்மஞ்சள் மயிர்ப் பட்டைகள் தரித்த ஒரு தேனீ மொய்த்துக்கொண்டிருக்கும். மணற்பாங்கான சரிவுகளில் பெண் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வளை தோண்டும். வளைகளோ ஆயிரக்கணக்கில் அருகருகே அமைந்துவிடும். ஒதுக்குப்புறக் காடுகளில் ஒளிந்து வாழும் அபூர்வப் பிராணி அன்று அது. தோட்டத்துச் சுவரிலும் மயானத்து மதிலிலும் எல்லோர் கண்ணிலும் படுவது. அப்படிப்பட்ட தேனீக்கு 1993-ஆம் ஆண்டு வரையில் பெயர் இல்லை.

பெயர் இல்லை என்று சொல்வதுகூடச் சரியன்று. வேறொருவரின் பெயர் இருந்தது. அது எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

இந்தத் தேனீ கொலீட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தை 1802-இல் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் வகுத்தார். கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு ஒட்டுபவன் என்று பொருள். ஒரு பிராணியின் தொழிலறிந்து இட்ட பெயர்களில் இதைப் போலப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. பெண் தேனீ தன் வளையின் அறைக்குள் புகுந்து, வயிற்றிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வெளிவரும் திரவத்தை, நுனி இரண்டாகப் பிளந்த தன் குட்டை நாக்கினால், கொத்தன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் நாற்புறமும் பூசும். அது உலர்ந்தால் செலோபேன் தாளைப் போல ஒளி ஊடுருவும் மெல்லிய பை ஆகிவிடும். மண்ணின் ஈரம் உள்ளே வராது, உள்ளேயுள்ள உணவு வெளியே கசியாது. மகரந்தமும் தேனும் குழைந்து கஞ்சிபோல் இருக்கும் அந்த உணவுக்கு மேலே, அறையின் சுவரில் ஒரு முட்டையை ஒட்டிவைத்து, வாயை அடைத்துவிட்டுத் தாய் போய்விடும். பிள்ளையின் முகத்தை அது பார்ப்பதே இல்லை. ராணி, வேலைக்காரி, கூட்டுக் குடும்பம் என்னும் பரிவாரமெல்லாம் தேனீக்களில் சிறுபான்மையோருக்கே உரியவை. உலகில் இதுவரை பெயர் பெற்றுள்ள 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை இப்படித் தனித்து உழைத்துத் தனித்து மடிபவையே. நம் ஊரில் ஜனங்கள் இவற்றைத் தேனீ என்றே ஒப்புக்கொள்வதில்லை. வண்டு என்பார்கள், கோபம் வந்தால் குளவி என்பார்கள்.

சிறகில் இரண்டாம் பின்னோடு நரம்பு ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்திருப்பதைக் கண்டதும் இது கொலீட்டஸ் என்று மாணவன் சொல்லிவிடலாம். பேரினத்தை அறிவது அவ்வளவு சுலபம். இனத்தை அறியப் புகும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், கூட்டுத்தேனீ, தனித்தேனீ என்ற பேதமின்றி எல்லாவற்றையும் ஏபிஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடக்கி, அவற்றுள் ஒன்றுக்குச் சக்ஸிங்டா என்று பெயரிட்டார். லத்தீனில் கச்சை கட்டியது என்று பொருள். சில சொற்களில் முடிந்த வர்ணனை. வயிற்றில் பட்டை இருப்பதைக் கண்டார், பெயரிட்டார், அடுத்த பூச்சிக்குப் போனார். அவர் மீது குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. உலகத்து ஜீவராசிகள் அனைத்தையும் ஒரே ஆயுளில் எண்ணி முடிக்கப் புறப்பட்டவர் ஒரு தேனீயின் கச்சையில் எத்தனை நேரம் நிற்க முடியும்? ஆனால் கொலீட்டஸ் பேரினத்தில் மிகப் பல இனங்கள் கச்சை கட்டியவையே என்பது பின்னர்த் தெரியவந்தது.

நம் தர்க்க நூலார் ஒரு பொருளின் லக்ஷணத்துக்கு மூன்று குற்றங்கள் வரலாம் என்று சொல்லி, பசுவை வைத்து அவற்றை விளக்கினார்கள். கபில நிறமே பசுவின் லக்ஷணம் என்றால் வெள்ளைப் பசு வெளியே நின்றுவிடும், அது அவ்வியாப்தி. கொம்புடைமையே லக்ஷணம் என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாப்தி. பிளவுபடாத குளம்பே லக்ஷணம் என்றால் ஒரு பசுவும் அகப்படாது; அது அசம்பவம். வகைப்பாட்டியலைக் கற்பிக்க நேர்ந்தபோதெல்லாம் நான் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பைத் திறப்பதற்கு முன்பு இந்தப் பசுவை ஓட்டிக்கொண்டு வருவது வழக்கம். ஏனெனில் நம் துறையில் நிகழ்ந்த பிழைகளில் இம்மூன்றில் அடங்காதவை சொற்பம்.

கச்சையை லக்ஷணமாகக் கொண்டது அதிவியாப்தி. ஆணை மட்டும் பார்த்து எழுதிய வர்ணனை அவ்வியாப்தி: ஆண் தேனீக்கு உணர்கொம்பில் பதின்மூன்று கணுக்கள், பெண்ணுக்குப் பன்னிரண்டு; முகத்தின் நிறம் வேறு, கால்களின் மயிர் வேறு; இதனால் ஒரே இனத்தின் கணவனும் மனைவியும் வெவ்வேறு பெயரில் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த வழக்குகள் நம் ஏடுகளில் பல உண்டு. அசம்பவத்துக்கு உதாரணம் கிடைப்பது அரிது என்று நினைப்பீர்கள். இங்கிலாந்தில் பாரம் என்னும் கிராமத்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் கர்பி, 1802-இல் வெளியிட்ட ஆங்கில நாட்டுத் தேனீக்களைப் பற்றிய தம் பெருநூலில், ஆண்ட்ரீனா வகைத் தேனீயின் வயிற்று வளையங்களுக்கு இடையே தலையை நீட்டிக்கொண்டிருந்த விசித்திரமான ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு அதற்கு ஸ்டைலாப்ஸ் என்று பெயரிட்டார். இந்த ஒட்டுண்ணி பிடித்த பெண் தேனீயின் கால்களில் மகரந்தம் சுமக்கும் மயிர் குன்றிவிடும். ஆணின் முகத்திலுள்ள மஞ்சள் நிறம் பெண்ணின் முகத்திலும் ஏறக்கூடும். இந்த நோயாளிகளைப் புதிய இனமென்று வர்ணித்தவர்களும் உண்டு. ஆரோக்கியமான எந்தத் தேனீயிடத்திலும் இல்லாத லக்ஷணம். தர்க்க நூலாரின் மூன்றாம் குற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

கச்சை கட்டிய தேனீயின் கதைக்குத் திரும்புகிறேன். அது பிரதானமாகக் கலூனா என்னும் ஹெதர்ப் புதரின் செந்நீலப் பூக்களை நாடுவது. 1940-களில் நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்ஹோஃப், கடலோர உப்புச் சதுப்புகளில் கடல் ஆஸ்டர்ப் பூவை நாடும் கொலீட்டஸ் வேறோர் இனமென்று கண்டு, ஹாலோபிலஸ், அதாவது உப்பை விரும்புவது, என்று அதைப் பிரித்துக் காட்டினார். எனினும் ஐவிக்கொடியில் பிடிபட்டவை பழைய பெயரிலேயே அருங்காட்சியகப் பெட்டிகளில் உறங்கின. ஹெதர்த் தேனீ சில சமயங்களில் ஐவிக்கும் போகும் என்று குறிப்பு எழுதிவிட்டால் காரியம் முடிந்தது. அந்தச் ‘சில சமயங்களில்’ என்ற சொல்லுக்குள் ஓர் இனம் முழுவதும் மறைந்து கிடந்தது.

ஜெர்மனியைச் சேர்ந்த கொன்ராட் ஷ்மித், பால் வெஸ்ட்ரிக் ஆகிய இருவரும் 1993-இல் அதைக் கொலீட்டஸ் ஹெடரே, ‘ஐவிக்கு உரியது’, என்று வர்ணித்தார்கள். இம்மூன்று இனங்களையும் உருவத்தால் மட்டும் பிரிப்பது எத்தனை சிரமம் என்பதை அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களே அறிவார்கள். பட்டையின் அகலத்திலும் நிறத்திலும் வேற்றுமை உண்டு. ஆனால் வெயிலில் ஒரு மாதம் பறந்த தேனீயின் மயிர் வெளுத்துத் தேய்ந்து, நிறமும் அகலமும் சாட்சி சொல்லாமல் ஊமையாகிவிடும். ஆணின் வயிற்றுக்கடியிலும் நுனியிலும் மறைந்துள்ள உறுப்புகளைப் பிரித்தெடுத்து நுண்நோக்கியில் நோக்க வேண்டும். அப்படி நோக்க வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கு எப்பொழுது எழும்? அக்டோபர் மாதம், ஐவிப் பூ, என்று இரண்டு சொற்கள் சீட்டில் எழுதப்பட்டிருந்து, ஹெதர் ஓய்ந்துபோன காலத்தில் ஹெதர்த் தேனீக்கு இங்கே என்ன வேலை என்று அச்சீட்டைப் படிப்பவர் திகைத்து நிற்கும்பொழுதுதான். முதலில் சீட்டு சந்தேகத்தை எழுப்புகிறது. பிறகே உடல் அந்தச் சந்தேகத்துக்கு விடை தருகிறது. இந்த வரிசையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இம்மூன்றும் மெய்யாகவே மூன்று இனங்கள்தாமா என்ற ஆட்சேபம் எழாமலில்லை. 2007-இல் கூல்மன் முதலிய நால்வர் அதற்கு விடையாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரபணு ஆராய்ச்சி ஓங்கியிருந்த காலந்தான் அது; ஆயினும் மூலக்கூறுச் சான்றோடு, எங்கே வாழ்கிறது என்ற சான்றையும் எந்தப் பருவத்தில் பறக்கிறது என்ற சான்றையும் தலைப்பிலேயே சமமாக நிறுத்தினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த தலைப்பு. அடுத்த ஆண்டே, ஐவியைத் தவிர வேறு பூவை ஏறெடுத்தும் பாராது என்று கருதப்பட்ட இத்தேனீ, சமயம் நேர்ந்தால் வேறு பூக்களின் மகரந்தத்தையும் சேர்க்கும் என்று வெஸ்ட்ரிக் தாமே எழுதினார். தாம் இட்ட பெயரைத் தாமே சிறிது தளர்த்திக்கொள்ளும் அந்தப் பண்பை நம்மில் சிலர், என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன், கற்றுக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்ததனால் விளைந்த இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். 2001-இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற கிராமத்தில் இத்தேனீ அந்நாட்டில் முதன்முறையாகக் காணப்பட்டது. பிறகு தென் இங்கிலாந்து முழுவதும் பரவியது. அது பரவியதை ஆண்டுக்கு ஆண்டு நிலப்படத்தில் குறித்துக்கொண்டே வர அந்நாட்டவர்களால் முடிந்ததற்குக் காரணம், எட்டாண்டுகளுக்கு முன்பே அதற்குத் தனிப்பெயர் இடப்பட்டிருந்ததுதான். இல்லையேல், பழைய ஹெதர்த் தேனீ இவ்வாண்டு சற்றே அதிகம் என்று எழுதியிருப்பார்கள்.

நம் பக்கத்து நிலைமையைப் பற்றி அதிகம் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்ய விரும்பவில்லை. லின்னேயஸின் மாணாக்கர் ஃபாப்ரீசியஸ், டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்ற பல பூச்சிகளுக்குப் பெயரிட்டபோது, வாழிடம் தரங்கம்பாடி என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கடற்கரை மணலிலா, மூங்கிற் புதரிலா, எந்த மாதத்தில் என்ற விவரங்களை இனி எவரும் மீட்க இயலாது. பர்மாவில் வன அதிகாரியாக இருந்த பிங்கம் 1897-இல் எழுதிய குளவிகளும் தேனீக்களும் பற்றிய தொகுதியை இன்றும் நாம் கையில் எடுக்கிறோம். உடலின் லக்ஷணங்களை அளவோடு தருகிற அந்நூலிடம் எந்தப் பூவில் பிடித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடை. அவர்கள் காலத்தில் அது குற்றமன்று. நம் காலத்தில் குற்றம். நானே என் மாணவப் பருவத்தில் ஒரு மழைக்கால மாலையில் பிடித்த இலைவெட்டித் தேனீ ஒன்றின் சீட்டில், இடம் நினைவிருக்கும் என்ற நம்பிக்கையில் தேதியை மட்டும் எழுதினேன். தேதி இருக்கிறது, இடம் போய்விட்டது. அதற்கு இன்றளவும் பெயர் இல்லை.

என்னுரை இவ்வளவே. முதற் கட்டுரை தொடங்குமுன் ஒரு சிறு வேண்டுகோள். பின்பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறேன். அதில் பன்னிரண்டு தனித்தேனீக்கள் இருக்கின்றன. சீட்டுகளை எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்துக் குத்தியிருக்கிறேன். இடைவேளையில் ஒவ்வொருவரும் போய் அவை எத்தனை இனம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கீழே வையுங்கள். பிற்பகலில் சீட்டுகளைத் திருப்பிக் குத்திவிடுகிறேன்; மறுபடியும் பார்த்து இரண்டாவது தாளில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். நான் என் இரண்டு தாள்களையும் நேற்றே எழுதி வைத்துவிட்டேன். இரண்டும் ஒன்றாக இல்லை. பூதக்கண்ணாடி என் சொந்தப் பொருள். தயவுசெய்து அதை மேஜையிலேயே விட்டுச் செல்லுங்கள்.