பேஸ்மட்டத்துக்கு முன்னாடி பேச வேண்டிய பேச்சு

பென்னாகரம் வட்டாரத்துல அரசு வீட்டுத் திட்டப் பயனாளிகளோட உட்கார்ந்து பேசுற வேலையைக் கொஞ்ச காலம் மேற்பார்வை பண்ணினேன். 'வீட்டு வசதி ஆலோசனை'ன்னு காகிதத்துல எழுதினா பெரிசாத் தெரியும். நேர்ல அது திண்ணையில உட்கார்ந்து கணக்குப் போடுறதுதான்.

முதல்ல பணம் எவ்வளவுன்னு பார்த்துடலாம். 2016-ல இந்திரா ஆவாஸ் யோஜனா மாறி பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் ஆச்சு. சமவெளியில ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அதுல 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. கான்கிரீட் கூரைக்குத் தமிழ்நாடு அரசு தனியாச் சேர்த்துக் கொடுக்குது. குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2024-ல கலைஞர் கனவு இல்லம் வந்தது. 2030-க்குள்ள 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கணும்னு இலக்கு. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்க, சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரல.

சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. வேலை உத்தரவு கைக்கு வந்த அன்னைக்கு யாருக்கும் 360 அடி வீடு கண்ணுல தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டின வீடுதான் தெரியும்.

ஒரு குடும்பம். புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் பெங்களூருல கட்டட வேலை. பத்து வருஷமா அடுத்தவங்களுக்கு வீடு கட்டினவங்க. உத்தரவு வந்ததும் அவர் ஆறு சதுரத்துக்குக் கயிறு பிடிச்சுட்டார். "சார், என் வேலை எனக்குத் தெரியாதா? மேஸ்திரி கூலி மிச்சம், மீதியைப் புரட்டிக்கலாம்"னார். வேலை அவருக்கு நல்லாத் தெரியும், அதை நான் மறுக்கல. ஆனா கட்டுற ஆறு மாசம் அவங்க பெங்களூரு போக முடியாது. ரெண்டு பேர் கூலி நின்னுடும். அந்த வரவு நிக்கிறதும் வீட்டுச் செலவுதானே? அதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை.

நோட்டை எடுத்து எழுதினோம். சிமெண்டும் கம்பியும் அரசு கொடுக்கும், அதுக்கான தொகையைப் பில்லுல பிடிச்சுக்கும். அதனால மூன்றரை லட்சமும் ரொக்கமா கைக்கு வராது. அப்புறம், பணம் கட்டடம் வளர வளரத்தான் வரும். பேஸ்மட்டம், லிண்டல், கூரைன்னு ஒவ்வொரு கட்டத்தையும் ஓவர்சியர் வந்து அளந்து, போட்டோ எடுத்து ஏத்தினாத்தான் பில்லு. அதுவரைக்கும் கைக்காசு போட்டுத்தான் வேலை நடக்கணும். அந்த இடைவெளியிலதான் மாச வட்டிக்காரர் வீட்டுக்குள்ள வர்றார்.

"நூத்துக்கு எவ்வளவு வட்டி?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. அந்தம்மாதான் சொன்னாங்க: "மூணு ரூபா சார். போன தடவை என் தோடு போனதும் அப்படித்தான்." மாசத்துக்கு மூணுன்னா வருஷத்துக்கு முப்பத்தாறு. ரெண்டு லட்சம் வாங்கினா, அசல் அப்படியே நிக்க, வட்டி மட்டும் மாசம் ஆறாயிரம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் எழுந்து போய்க் கயிற்றை அவரே சுருக்கினார். பின்னாடி ஒரு அறை எடுக்க இடம் விட்டுத்தான் கட்டினாங்க.

அன்னைக்கு அந்தம்மா இல்லாம பேசியிருந்தா அந்தத் தோடு கதை வெளிய வந்திருக்காது. அதனால மனைவி இல்லாம ஆலோசனைக் கூட்டம் வைக்காதீங்கன்னு என் கூட வேலை பார்த்த பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். வீட்டைப் பெண் பேர்லயோ, ரெண்டு பேர் பேர்லயோ கொடுக்கணும்னு மத்திய திட்டத்துலயே இருக்கு. பேர் மட்டும் அவங்களுது, கணக்கு அவருதுன்னு இருந்தா என்ன பிரயோஜனம்?

மலை ஊர்கள் கதை வேற. வட்டுவனஅள்ளி ஊராட்சியில கோட்டூர்மலை இருக்குது பாருங்க, தேர்தல் சமயத்துல ஓட்டு மெஷினைக் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போன ஊர். அந்த மாதிரிப் பாதையில ஒரு மூட்டை சிமெண்ட் மேல போய்ச் சேர்ற செலவையும், அடிவாரத்துல இறங்குற செலவையும் ஒரே கணக்குல வைக்க முடியாது. சதுர அடி பத்தி அங்க பேசவே வேண்டாம். ஜல்லி, மணல், தண்ணி மூணும் எப்படி ஏறப் போகுதுன்னுதான் முதல் பேச்சு. மழைக்கு முன்னாடி எவ்வளவு ஏத்திடலாம்னு ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும், நாம கேட்டுக்கணும்.

ஆடி மாசம் வாசக்கால் வைக்க மாட்டாங்க. இதைக் கேட்டுச் சில அதிகாரிகள் கோவப்படுவாங்க. கோவப்பட்டு என்ன ஆகப் போகுது? ஆனியிலயே வெச்சுடுங்கன்னு சித்திரையில சொல்லிட்டா முடிஞ்சது.

கடைசியா ஒண்ணு. பெரும்பாலும் கொட்டாய் இருக்கிற இடத்துலதான் புது வீடு வரும். அப்ப கொட்டாயைப் பிரிக்கணும். "பிரிச்சா எங்க படுப்பீங்க?"ன்னு கேட்கிற கட்டம் எந்தப் படிவத்துலயும் இல்ல. தனியா இருக்கிற ஒரு பாட்டிகிட்ட இதைக் கேட்டப்ப, "எனக்கென்ன, கோயில் மண்டபத்துல படுத்துக்குவேன். நாலு ஆட்டை எங்கய்யா கட்டுறது?"ன்னாங்க. அதுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் கடப்பாரையைத் தொட வேணாம்னு ஓவர்சியர்கிட்ட சொல்லிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் களத்து ஓரமா இடம் விட்டார். நாலு கம்பு, ஒரு தார்பாய். பத்து நாள் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான்.

அடுத்த பகுதியில கூட்டுப் பட்டாவுல வீடு கட்டுறதுல வர்ற தகராறுகளைப் பேசலாம்.