கரிசல் நிலத்தில் கடைகால்



பிழைப்பின் பொருட்டு வந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டு, நாகபுரியிலோ சோலாப்பூரிலோ இந்தூரிலோ ஒரு மனை வாங்கி, ஆயுட்காலச் சேமிப்பைச் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாற்றத் துணியும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: மனையை ஒரு பருவத்தில் மட்டும் பார்த்துவிட்டு அஸ்திவாரத்தை முடிவு செய்யாதீர்கள்.

தக்காணத்தின் பெரும்பகுதி கரிசல் பூமி. கோவில்பட்டிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு அம்மண் புதிதன்று. கோடையில் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் காலை விடாது பற்றும். நீரைப் பிடித்துவைக்கும் அக்குணம் பருத்திக்கு நன்மை, வீட்டுக்குத் தீமை. அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் நீரை ஏற்றுப் பருக்கிறது. நீர் வற்றினால் சுருங்குகிறது. வீட்டின் நடுவே தரைக்கடியில் ஈரம் பெரிதும் மாறுவதில்லை. வெளிச்சுவர் ஓரத்து மண்ணோ பருவந்தோறும் ஏறி இறங்குகிறது. சன்னல் மூலைகளில் சாய்வான வெடிப்புகள் தோன்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கொத்தனாரை நொந்து பயனில்லை.

அடுத்தது நிலத்தடி நீர். மே மாதத்தில் வானம் தோண்டினால் மண் கல்போல் இறுகியிருக்கும்; குழியில் சொட்டு நீர் இராது. அதை நம்புவது பிழை. நம் நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தக்காணத்திலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அம்மழை ஓயும் தறுவாயில் கிணற்று நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை, அண்டையிலுள்ள குடியானவரிடம் அவர் மொழியிலேயே கேட்டறியுங்கள். மணற்பாங்கான நிலத்தில் நீர் அஸ்திவாரத்தின் அடிமட்டம்வரை ஏறினால், நிலம் தாங்கும் சுமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மனை முன்பு குளமாகவோ கல்குழியாகவோ இருந்து தூர்க்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள்.

பிறகு ஒரு சோதனைக்குழி தோண்டச் செய்யுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே, அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது மண்ணைப் பார்ப்பது நல்லது. மண் பருக்குமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக்குழல்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மில்லிலிட்டர் அளவுக்கு ஊற்றி, ஒருநாள் முழுதும் விட்டுவைப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் பருப்பதில்லை. நீரில் படிந்த மண் மற்றதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டால், அந்நிலத்தில் எச்சரிக்கை தேவை. இதையும், நீரில் கான்கிரீட்டை அரிக்கும் சல்பேட் உப்பு உண்டா என்பதையும் பொறியியல் கல்லூரிச் சோதனைக் கூடங்களில் பார்த்துச் சொல்வார்கள்.

கரிசல் என்று தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென ஒரு வழியை உருவாக்கிப் பரப்பியது. தரையில் துளையிட்டு, அடியில் அதை மணிபோல் அகலச் செய்து, கம்பியும் கான்கிரீட்டும் இட்டுத் தூண் அமைப்பது அம்முறை. அடிக்குமிழின் குறுக்களவு தூணைப்போல் இரண்டரை மடங்கு. ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறாத ஆழத்தில், பெரும்பாலும் மூன்றரை மீட்டர் அளவில், குமிழ் ஊன்றிநிற்பதால், மேல்மண் பருத்தாலும் வீடு அசைவதில்லை. தூண்களை இணைக்கும் உத்திரத்தின் அடியில் மண் பருக்க இடம்விட வேண்டும். வீட்டைச் சுற்றித் தளம் போட்டு, மழைநீரும் சாக்கடை நீரும் சுவரோரம் தேங்காமல் வெளியேற்ற வேண்டும்.

மண்ணைச் சோதிப்பதற்கு ஆகும் செலவு கட்டடச் செலவில் மிகச் சிறு பங்கே. வெடித்த சுவரைத் தாங்கிப் பிடிப்பதோ ஆண்டுதோறும் தொடரும் செலவு. வேற்றூரில் வேரூன்ற விரும்புகிறவர், அவ்வூர் மண்ணின் கோடையையும் மழையையும் அறிந்துகொண்டு, அதன்பின் முதற்கல் நாட்டுவாராக.