வயசுக்கு வந்த பென்குவின்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, முன்வரிசையில் மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

'சிறுவர் இலக்கியம் நேற்று, இன்று, நாளை' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நேற்றுக்கு மேடையில் நாலு பேர் இருக்கிறார்கள். நான் ரெண்டு பென்குவினைப் பற்றிப் பேச வந்தேன்.

நியூயார்க், சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலை. ராய்னு ஒண்ணு, சைலோனு ஒண்ணு. ரெண்டும் ஆண். ஒண்ணாத்தான் நீந்தும், ஒண்ணாத்தான் கூடு கட்டும். பக்கத்துக் கூட்டிலெல்லாம் முட்டை. இதுங்க என்ன பண்ணுச்சு? ஒரு கல்லை உருட்டிக்கிட்டு வந்து, மாத்தி மாத்தி அடைகாத்துச்சு. கல்லை! அதைப் பார்த்துக்கிட்டு நின்னார் ஓர் ஊழியர். விரட்டலை, கேலி பண்ணலை. ரெண்டு முட்டை போட்டு ஒண்ணைத்தான் வளர்க்க முடியும்னு இன்னொரு ஜோடி இருந்துச்சு. அந்த மிச்ச முட்டையைக் கொண்டாந்து இதுங்க கூட்டுல வச்சார். பொரிஞ்சது. டேங்கோன்னு பேர். கைதட்டுங்க, எனக்கில்ல, அவருக்கு!

2005ல 'அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ'ன்னு படப்புத்தகமா வந்துச்சு. 2006லேர்ந்து தொடர்ந்து மூணு வருஷம், 'நூலகத்திலேர்ந்து இதைத் தூக்கு'ன்னு அமெரிக்காவிலேயே அதிகமாப் புகார் வாங்கின புத்தகம் அதுதான். கொலையா இருக்கு அதுல? ஒரு முட்டைய்யா!

சிங்கப்பூருக்கு வாங்க. தமிழ் ஆட்சிமொழியா இருக்கிற ஊர். 2014ல தேசிய நூலக வாரியம் மூணு குழந்தைப் புத்தகங்களை எடுத்துக் கூழாக்கப் போறோம்னுது. டேங்கோவும் அதுல ஒண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை நானூறு பேரு, பிள்ளைகுட்டியோட நூலகத்துல வந்து உட்கார்ந்து, அந்தப் புத்தகங்களை வாசிச்சாங்க. அரசு இறங்கி வந்துச்சு. டேங்கோவைத் திருப்பி எங்க வச்சாங்க தெரியுமா? பெரியவங்க பிரிவுல! பென்குவின் வயசுக்கு வந்துருச்சாம்! மஞ்சத்தண்ணி ஊத்தறதுதான் பாக்கி.

சிரிச்சாச்சா? மூணாவது புத்தகம் ஒண்ணு இருந்துச்சே, அது அதுக்குள்ள கூழாயிருச்சு.

இங்கே சில பேரு, பேர் சொல்ல மாட்டேன், சால்வை வாங்கவே மேடை ஏறுறவங்க, 'நம்ம மரபுல இதெல்லாம் ஏது'ங்கிறாங்க. விராடன் அரண்மனையில ஒரு வருஷம் பிருகன்னளையா இருந்து உத்தரைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது யாருய்யா? அதைப் பாட்டி மடியில கேட்டுத்தானே வளர்ந்தீங்க? 'அந்தப் பென்குவின் ரெண்டும் அப்புறம் பிரிஞ்சிருச்சாமே'ன்னு வேற கேக்கறாங்க. பிரிஞ்சுதான் போச்சு. சைலோ ஒரு பெண் பென்குவினோட போயிருச்சு. குடும்பநல கோர்ட்டு வாசல்ல ஒருநாள் நின்னு பாருங்க. அதுக்காகக் கல்யாணக் கதையெல்லாத்தையும் கூழாக்கிடலாமா?

நம்ம சென்னை தூலிகா பதிப்பகமே 'குட்லி ஹேஸ் விங்ஸ்' போட்டிருக்கு. வீடு 'நீ பையன்'னு சொல்லுது, குட்லிக்குக் கவுன்தான் வேணும். வாங்கிப் படிங்க. என்னால பென்குவினை விட முடியல, ஏன்னு சொல்லிடறேன்.

ஒரு பள்ளிக்கூடத்துல இந்தக் கதை சொல்லப் போனேன். தலைமையாசிரியர் தனியாக் கூப்பிட்டு, காபி கொடுத்து, 'கதை அருமை சார், அதுல ஒண்ணை மட்டும் பொண்ணா மாத்திச் சொல்லிடுங்களேன்'னார். முப்பது வருஷமா மேடையில கர்ஜிக்கிறவன் நான். மாத்திச் சொன்னேன். கடைசி வரிசையில ஒரு பொடியன் எழுந்தான். 'சார், அப்பறம் எதுக்குக் கல்லு? அதுவே முட்டை போடுமே?'

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அந்த ஊழியர் முட்டையை வச்சுட்டுப் போனார். நான் அந்த வகுப்புல கல்லை வச்சுட்டு வந்தேன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிட்டார், 'இரண்டு நிமிடம்'. போதும். பிள்ளைங்களா, மிக்சரைக் கீழ வச்சுட்டு மேடைகிட்ட வாங்க. நியூயார்க்னு ஒரு ஊரு. அங்க ரெண்டு பென்குவின். ரெண்டும் ஆண்...