வேகக் கார் இன்ஜினுக்கு எந்த ஆயில்?



2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூ விற்ற எம்3 காரில் எஸ்54 என்று ஓர் இன்ஜின் இருந்தது. ஆறு சிலிண்டர், 3.2 லிட்டர், டர்போ கிடையாது. 8000 ஆர்பிஎம் வரை சுற்றும். அந்த உச்சத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டர். ஒவ்வொரு பிஸ்டனும் மேலே போய் நின்று, கீழே வந்து நின்று, மறுபடி மேலே பாய்வதை விநாடிக்கு 133 தடவை செய்கிறது. இத்தனை அடியையும் வாங்கிக்கொள்வது கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் பேரிங். அந்த பேரிங்கும் கிராங்க்‌ஷாஃப்ட்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஆயில் படலம் ஒன்று ஓடுகிறது. அழுத்தம் உச்சத்துக்குப் போகும் கணத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அடைமழையில் வேகமாகப் போகிற காரின் டயர், ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும் அல்லவா? அதே விதிதான். ரோட்டில் அது ஆபத்து. இன்ஜினுக்குள் அதுதான் உயிர்.

அந்த இன்ஜினுக்கு பிஎம்டபிள்யூ சொன்ன ஆயில், காஸ்ட்ராலின் 10டபிள்யூ-60. சாதாரணக் கார்கள் பார்த்தே இராத கெட்டி ஆயில். அது குளிர்ந்திருக்கும்போது இன்ஜினை விரட்டக்கூடாது என்பதற்காக ஆர்பிஎம் மீட்டரிலேயே விளக்குகள் வைத்தார்கள். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். எத்தனை விளக்கு அணைந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மிதிக்கலாம். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும், முதலில் வந்த கார்கள் சிலவற்றில் ராடு பேரிங் போயிற்று. கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்து பேரிங் மாற்றிக் கொடுத்தது. பேரிங்கின் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயிலின் கெட்டித்தன்மை மூன்றும் சேர்ந்த ஒரே கணக்கு அது. அதில் ஒன்றை மட்டும் நாம் கடையில் நின்றுகொண்டு மாற்றிவிட முடியாது.

இதைக் கேட்டதும் சிலருக்கு ஓர் ஆசை வரும். ‘அந்த வேகக் காருக்கே 60 என்றால் என் காருக்கும் அதையே ஊற்றினால் என்ன?’ அந்த ஆசையைத்தான் இன்று நான் தடுக்கப் பார்க்கிறேன்.

டப்பாவில் இருக்கும் எண்களை முதலில் பார்ப்போம். 5டபிள்யூ-40 என்பதில் முன்னால் இருப்பது குளிர்காலத்துக்கான எண். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் வைத்து, இன்ஜின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். ஊட்டியின் உறைபனிக் காலைகூட அதன் பக்கத்தில் போகாது. ஆகவே நம் ஊரில் 0டபிள்யூவா 5டபிள்யூவா என்று விடிய விடிய விவாதிப்பதில் பொருளில்லை. பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடான பிறகு, 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று சொல்வது.

ஆனால் பேரிங்குக்குள் 100 டிகிரியா இருக்கிறது? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஏப்ரல் மாத மத்தியானம் பத்து சுற்று விரட்டிப் பாருங்கள். சம்ப்பில் இருக்கும் ஆயிலே 120 டிகிரியைத் தாண்டிவிடும். பேரிங்குக்குள் அதைவிடச் சூடு. அதோடு படலம் பயங்கர வேகத்தில் நசுக்கப்படுகிறது. அதனால் 150 டிகிரியில், அப்படி நசுக்கப்படும் நிலையில் எவ்வளவு கெட்டித்தன்மை மிஞ்சுகிறது என்று தனியாக அளக்கிறார்கள். 5டபிள்யூ-30 என்று எழுத வேண்டுமானால் அந்த அளவு குறைந்தது 2.9 இருந்தால் போதும். ஆனால் ஐரோப்பியக் கார்க் கம்பெனிகளின் சங்கமான ஏசிஇஏ, சி3 என்ற தரத்துக்குக் குறைந்தது 3.5 கேட்கிறது. அப்படியானால் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்களில் ஒன்று மைலேஜுக்காகச் செய்ததாக இருக்கலாம், மற்றது வெப்பத்தைத் தாங்கச் செய்ததாக இருக்கலாம். முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வேகக் கார் வைத்திருப்பவர் இந்த வித்தியாசத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டப்பாவில் இந்த அளவு இருக்காது; கம்பெனி வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் பெரும்பாலும் இருக்கும்.

கெட்டித்தன்மை மட்டுமே முக்கியமென்றால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். இன்றைய சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாயின் ஐ20 என் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். 998 சிசி, மூன்றே சிலிண்டர், 120 பிஎஸ். இழுவிசை 1500 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைக்கும். ஓட்ட சுகமாக இருக்கும். ஆனால் இந்த மாதிரி இன்ஜின் எதுவானாலும், மெதுவாகச் சுற்றும்போது டாப் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பிஸ்டன் ரிங் பக்கத்திலிருந்து தெறிக்கும் ஆயில் துளி பெட்ரோலோடு கலந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கையில் வெடிப்பு முந்திவிடுகிறது. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்துபோன இன்ஜின்கள் உண்டு.

இதற்கும் ஆயிலுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அழுக்கைக் கழுவ ஆயிலில் சேர்க்கும் கால்சியம் உப்புகள் இந்த முன்வெடிப்பைத் தூண்டுகின்றன. மெக்னீசியம் உப்புகள் அப்படிச் செய்வதில்லை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, 2018இல் எஸ்என் பிளஸ் என்றும், 2020 மே மாதம் எஸ்பி என்றும் தரங்களைக் கொண்டுவந்தபோது இதற்கென்றே ஒரு சோதனையைச் சேர்த்தது. ஆகவே டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் எஸ்பிக்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய எஸ்எல், எஸ்எம் ஆயில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்த இன்ஜினுக்கு வேண்டாம்.

சிந்தெடிக் என்ற வார்த்தையை நம்பி வாங்குபவர்கள்தான் அதிகம். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்த எண்ணெயை அப்படிச் சொல்லலாமா என்று அமெரிக்காவில் மொபில் கம்பெனி காஸ்ட்ரால்மீது புகார் கொடுத்தது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம் போயிற்று. அதனால் இன்று அந்தப் பெயரில் வருபவற்றில் பல அந்த வகை எண்ணெய்தான். அது மோசமானதல்ல; நன்றாகச் செய்தால் மிக நல்ல ஆயில். ஆய்வகத்தில் மூலக்கூறாகக் கட்டிய பிஏஓ, எஸ்டர் வகைகளுக்கு வெப்பம் ஏறினாலும் சட்டென்று இளகாத குணம் உண்டு. அதனால் கெட்டித்தன்மையைத் தூக்கிப் பிடிக்கும் பாலிமரை அதிகம் கலக்க வேண்டியதில்லை. ஓட ஓட நைந்துபோவது அந்தப் பாலிமர்தான் என்பதால், டிராக்கில் ஓட்டுபவருக்கு இது பெரிய லாபம். ஆனால் எஸ்டர் இருக்கிறது என்பதற்காக மட்டும், ரேஸுக்கென்றே செய்த ஆயிலை ஆபீசுக்குப் போகிற காரில் ஊற்றாதீர்கள். அவற்றில் பல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடச் செய்தவை அல்ல. சிலவற்றில் பாஸ்பரஸ் அதிகம். அது புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மெல்ல மெல்லக் கெடுக்கும்.

இனி டப்பாவின் பின்பக்கத்துக்கு வருவோம். போர்ஷே என்றால் ஏ40, மெர்சிடிஸ் என்றால் 229.5, ஃபோக்ஸ்வாகன் என்றால் 502 00 என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் அனுமதி எண்கள் உண்டு. உங்கள் காருக்கு எது என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். ‘அனுமதி பெற்றது’ என்று அச்சிட்டிருந்தால், கார்க் கம்பெனி கேட்ட சோதனைகளில் ஆயில் தேறியிருக்கிறது. ‘இன்ன கார்களுக்குப் பொருந்தும்’, ‘இன்ன தரத்துக்கு ஏற்றது’ என்று மட்டும் இருந்தால், அது ஆயில் விற்பவர் தாமாகச் சொல்வது. மெக்கானிக் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் இந்த ஒரு வரியை நீங்களே படித்துவிட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்.

டிராக்கில் ஓட்டுகிறவர்கள், மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே ஆயிலை மாற்றிவிடுங்கள். டிராக் பக்கமே போகாமல் நகர நெரிசலில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆயில் முழுதாகச் சூடேறாத ஓட்டத்தில் பெட்ரோலும் ஈரமும் அதிலேயே தங்கி அதை இளக்கிவிடும். வடித்த ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், செம்பும் ஈயமும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார்கள். அவை கூடிக்கொண்டே போனால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். இன்ஜினைப் பிரிக்காமலே கிடைக்கும் சேதி அது.

கடைசியாக, போலி ஆயில். பெயர்பெற்ற கம்பெனிகளின் காலி டப்பாக்களை விலைக்கு வாங்கி, கண்டதையும் நிரப்பி, புது மூடி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள், சீலைப் பாருங்கள், சந்தை விலைக்கு மிகக் குறைவாக ஒருவர் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலி டப்பாவின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.