ஏரியின் கணக்கு யார் கையில்?

(குன்னத்தில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



குன்னத்து மண் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாது. ஒரு திங்கள் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து வாய் பிளக்கும். வடவெல்லையில் வெள்ளாறு ஓடுகிறது; ஆனால் அதன் நீர் தொழுதூர் அணைக்கட்டில் திருப்பப்பெற்று வெலிங்டன் ஏரிக்குப் போகிறது. தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. அதன் வடகரையில் காவிரி நீரைக் கொண்டு செல்லும் புள்ளம்பாடி வாய்க்கால் ஏறத்தாழ 22,000 குறுக்க (ஏக்கர்) நிலத்தை நனைக்கிறது. அந்த நீரும் குன்னத்து மேட்டில் ஏறாது. இரண்டு ஆறுகளுக்கு இடையில் இருந்தும் ஆற்று நீர் இல்லாத நிலம் இது.

இந்நிலத்துக்கு வானமே ஆறு. பெரம்பலூர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 860 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சிறிய அளவன்று. ஆனால் அது ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தச் சில நாள் நீரைப் பல திங்களுக்குத் தேக்கிவைக்கும் கலையே ஏரி. இம்மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கணக்கில் மட்டும் 73 ஏரிகள் உண்டு. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சிற்றேரிகளும் குளங்களும் குட்டைகளும் வேறு. தமிழகம் முழுவதும் எண்ணினால் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள்!

இவற்றை வெட்டியவர் யார்? எந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் தந்தது? எந்த அயல்நாட்டு வல்லுநர் வந்து அளந்து கொடுத்தார்? ஒருவரும் இலர். நீர்நிலை பெருக்குவதே அரசன் கடமை என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் எடுத்துரைத்ததைப் புறநானூற்றின் 18-ஆம் பாட்டு காட்டுகிறது. காரியாசானின் சிறுபஞ்சமூலமோ குளம் தோண்டுதல், மரம் நடுதல், வழி திருத்துதல், தரிசை உழுவயலாக்குதல், கிணறு அமைத்தல் ஆகிய ஐந்தையும் ஒரே அறமாகத் தொகுத்துச் சொல்கிறது. குளத்தையும் கிணற்றையும் அது பிரிக்கவில்லை என்பதை மனத்தில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் தனிக் குழு இருந்ததைச் சொல்கின்றன. ஏரியின் பேணலுக்கென்று விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி. அதற்கென்று தண்டப்பட்ட வரி ஏரியாயம். ஆண்டுதோறும் வண்டலை வாரி ஆழப்படுத்தும் பணி குழி குத்துதல். அவ்வண்டலை ஏற்றிக் கரையில் சேர்க்க ஓடங்களுக்குக்கூட அறக்கொடை வைத்தார்கள். குன்னத்துக்குக் கிழக்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது.

பெருமை போதும். பழம்பெருமை பேசி வயல் நனைந்ததில்லை. அந்த அறிவு எங்கே போயிற்று, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதே இன்றைய கேள்வி.

ஆங்கிலேயர் வந்தனர். ஏரியின் வருவாய் அரசுக்குப் போயிற்று. ஏரியின் உழைப்பு மட்டும் ஊரார் தலையில் நின்றது. ஏரிப்பட்டியும் ஏரியாயமும் மறைந்தபின், ஊரார் தாமே வந்து மண் சுமக்க வேண்டும் என்று 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். அப்பணிக்கு வழங்கிய பெயர் குடிமராமத்து. அச்சொல்லை உற்றுப் பாருங்கள். முற்பாதியாகிய குடி தமிழ். பிற்பாதியாகிய மராமத்து அரபு மொழியிலிருந்து வந்த அயற்சொல். அச்சொல்லைப் போலவே பணியும் ஆயிற்று. உழைப்பு குடிகளுடையது, ஆணை அயலாருடையது.

நாடு விடுதலை பெற்றது. உணவுப் பற்றாக்குறை வாட்டியது. 1960-இல் தொடங்கிய செறிவு வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. நீர் உறுதியாக உள்ள இடத்தில் விதை, உரம், கடன் மூன்றையும் குவித்தால் விளைவு விரைவில் பெருகும் என்பது அன்றைய கொள்கை. விளைவு பெருகியது; அதை மறுப்பது அறமாகாது. ஆனால் ஏரியை நம்பிய வானம் பார்த்த நிலத்துக்கு அக்கொள்கை என்ன தந்தது? மின்னாற்றலும் நீரிறைப்பியும் தந்தது. 1984-இல் சிறு உழவர்க்கும், 1990-இல் எல்லா உழவர்க்கும் மின்கட்டணம் நீக்கப்பட்டது. ஏழை உழவன் மூச்சுவிட அது உதவியது. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தனக்கென்று கிணறு உள்ளவன் மதகைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வரத்து வாய்க்கால் தூர்ந்தால் அவனுக்குக் கவலையில்லை. ஊரில் வலியவர் நால்வர் ஏரியை மறந்தால், எளியவர் நாற்பதின்மர் கூடியும் அதைக் காக்க முடிவதில்லை.

கணக்கைக் கேளுங்கள். 1960-61-இல் தமிழகத்தில் ஏரி நீர் பாய்ந்த நிலம் 9 நூறாயிரம் எக்டேருக்கும் மேல். அரை நூற்றாண்டில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் கிணற்று நீர் பாய்ந்த நிலமோ இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. ஏரி இழந்ததைக் கிணறு ஈடுசெய்துவிட்டது என்று சிலர் மகிழ்கின்றனர். ஏரி நிரம்பாத ஊரில் கிணற்றுக்கு நீர் எங்கிருந்து ஊறும்?

இக்கேள்வியை ஆய்வாளர்கள் கேட்டார்கள். அவர்களைப் பழித்தல் தகாது. 1973-74-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் தங்கி நெல்வேளாண்மையை ஆராய்ந்தனர். பத்தாண்டு கழித்து வாசிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தன. ஏசல், இராமசாமி ஆகியோர் பதிப்பித்த அந்நூல் 1991-இல் வெளிவந்தது. புதிய நெல்லால் சிறு உழவரும் கூலியாளரும்கூடப் பயன்பெற்றனர் என்று அது கண்டது.

பேராசிரியர் பழனிசாமியும் அமெரிக்க அறிஞர் ஈசுட்டரும் தென்னகத்து ஏரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஏரி நீரோடு கிணற்று நீரும் அளவாகச் சேரும்போது விளைவு உறுதிப்படுகிறது. கிணறுகள் அளவு மீறினால் ஏரியைப் பேணும் கூட்டுமுயற்சி தளர்கிறது. இவ்வகை ஆய்வுகள் உணர்த்தும் உண்மை இது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர் வைத்தியநாதனும் பிறரும் ஏரிகளின் நிலையையும் நிலத்தடி நீரின் சரிவையும் விரிவாக எழுதினர். ஒருவன் கிணற்றை ஆழமாக்க, அடுத்தவன் அதனினும் ஆழமாக்க, கடைசியில் காசில்லாதவன் கிணறே முதலில் வற்றுகிறது என்பதை அவ்வாய்வுகள் காட்டின.

பெருமக்களே! சிறுபஞ்சமூலம் குளத்தோடு கிணற்றைச் சேர்த்து வைத்த கரணியம் இப்போது விளங்குகிறதா? இவ்விரண்டின் உறவைக் கண்டது பழம்பாட்டு. அந்த உறவுக்கு அளவு கண்டது இற்றை ஆய்வு. இரண்டும் வேண்டும். பாட்டை வைத்து மதகுக்கு எத்தனை நாள் முறை என்று கணக்கிட முடியாது. ஆய்வை மட்டும் வைத்து ஊராரை ஒன்றுகூட்டவும் முடியாது.

ஆனால் இவ்வாய்வுகள் எந்த மொழியில் உள்ளன? பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழக ஏரியை, தமிழ் உழவனிடம் தமிழில் கேட்டு, தமிழ் நீர்க்கட்டி தமிழில் சொன்ன விடையை ஆங்கிலத்தில் எழுதி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சிட்டுவிட்டார்கள். விடை சொன்னவனுக்கு அந்நூல் திரும்பி வரவில்லை. மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, மடை, வரத்து வாய்க்கால், நீர்பிடிப்பு, உள்வாய் என்று ஏரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவனிடம் ஒரு சொல் இருந்தது. அச்சொற்கள் அறிக்கையில் இல்லை. அறிக்கையில் உள்ள சொற்கள் அவனுக்குத் தெரியவில்லை. தன் ஏரியைப் பற்றிய கணக்கையே படிக்க முடியாதவனிடம் ‘நீரே ஏரியை ஆள்க’ என்று சொன்னால் எப்படி ஆள்வான்?

2000-இல் உழவரே நீர்ப்பாய்ச்சலை மேலாண்மை செய்யும் சட்டம் வந்தது. 2007-இல் ஏரிகளைக் காக்கவும் வன்கவர்வுகளை அகற்றவும் ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டில் உலக வங்கிக் கடனில், வெள்ளாற்றுப் படுகையையும் உள்ளடக்கிய பெருந்திட்டம் தொடங்கியது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே புதிய திட்டம் தொடங்கியது. சட்டமும் உண்டு, கடனும் உண்டு, பெயரும் உண்டு. ஊராரின் அறிவு மட்டும் அவற்றுள் இடம்பெறவில்லை. அதனால் கரை உயர்ந்த ஏரிகள் பல. வரத்து வாய்க்கால் திறந்த ஏரிகள் சில. கரையை உயர்த்துவது கண்ணுக்குத் தெரியும் வேலை. வாய்க்காலைத் திறப்பதோ, அதை உழுதுகொண்டவன் பகையைத் தேடும் வேலை. அதை வெளியூர் ஒப்பந்தக்காரன் செய்யமாட்டான். ஊர்தான் செய்ய வேண்டும்.

ஊர் செய்யுமா என்று ஐயுறுவோர்க்கு ஈழத்துச் செய்தி ஒன்று உண்டு. கிழக்கிலங்கையில் பட்டிப்பளை ஆறு ஓடுகிறது. சிங்களத்தில் அதற்குக் கல்லோயா என்று பெயர். 1949-இல் அங்கே தொடங்கிய பெருந்திட்டத்தால் சிங்களக் குடியேற்றங்கள் எழுந்தன. 1956-இல் அங்கே தமிழர் தாக்கப்பட்டு மாண்ட கொடுமையைத் தமிழர் மறக்கமாட்டார். நீர்த்திட்டம் நிலத்தைப் பறிக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அதே கல்லோயாவின் இடக்கரையில், நீர் மிகக் குறைந்திருந்த 1981-இல், கொழும்பு உழவியல் ஆய்வு நிறுவனமும் அமெரிக்கக் கார்னல் பல்கலைக்கழகமும் ஊர்தோறும் இளைஞரை அனுப்பி உழவரைக் கூட்டின. தலைமடையில் சிங்களவர், கடைமடையில் தமிழர். உழவர் தாமே வாய்க்காலைத் தூர்வாரினர். தலைமடைச் சிங்கள உழவர் நீரை மிச்சப்படுத்திக் கடைமடைத் தமிழர்க்கு விட்டதைப் பேராசிரியர் அப்காஃபு பதிவு செய்துள்ளார். அந்த இளைஞர்கள் செய்தது என்ன? உழவன் மொழியில் உழவனோடு உட்கார்ந்து, அவன் சிக்கலை அவனிடமே கேட்டார்கள். குருதி சிந்திய மண்ணிலேயே அது முடிந்ததென்றால், ஒரே மொழி பேசும் குன்னத்துத் தலைமடைக்கும் கடைமடைக்கும் முடியாதா?

இம்மாவட்டத்தில் அண்மையாண்டுகளில் விசுவக்குடியில் கல்லாற்றின் குறுக்கே அணை எழுந்தது. கொட்டரையில் மருதையாற்றின் குறுக்கே அணை கட்டும் பணி 2016-இல் தொடங்கியது. நல்ல பணிகளே. ஆனால் வயலப்பாடியின் மேட்டுக்கும் ஓகளூரின் கரிசலுக்கும் அவை விடையாகா. அங்கே விளைவது மக்காச்சோளமும் பருத்தியும். 2018-இல் அமெரிக்கப் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தபோது, ஒரே பயிரை நம்பிய வீடுகள் கலங்கி நின்றதை இம்மாவட்டம் கண்டது. மழை பொய்க்கும் இருபது நாளில் ஒரு முறை நீர் பாய்ச்ச வழியிருந்தால் உழவன் பயிரை மாற்றத் துணிவான். வழியில்லையேல் ஒன்றையே பற்றித் தொங்குவான். அந்த ஒரு பாய்ச்சலைத் தரவல்லது, ஏரி நிரம்பியதால் ஊறிய கிணறே.

ஆகவே செய்ய வேண்டுவன இவை. தமிழ் மண்ணின் நீரைப் பற்றித் தமிழர் பணத்தில் நடக்கும் எந்த ஆய்வும் தமிழிலும் வெளிவர வேண்டும். ஆராயப்பட்ட ஊரின் அவையில் படிக்கப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால்தானே உலகம் அறியும் என்பார்கள். உலகம் அறியட்டும், ஊரும் அறியட்டும். ஒவ்வோர் ஊரும் தன் ஏரிக்குத் தமிழில் ஒரு பதிவேடு எழுத வேண்டும். வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எந்தப் புல எண்ணில் அடைபட்டது, மதகுகள் எத்தனை, கலிங்கு எந்நாள் வழிந்தது, எந்தக் கிணறு எந்தத் திங்களில் வற்றியது என்பவற்றை அதில் எழுதுக. முதலில் வாய்க்கால், பிறகே கரை. வண்டலைத் தம் நிலத்துக்கு எடுக்க உழவர்க்கு வட்டாட்சியரே இசைவு வழங்கலாம் என்று 2024-இல் அரசு எளிமைப்படுத்தியது; அதைப் பயன்படுத்துக. கிணற்று உழவரும் ஏரிக்குப் பங்கு தருக, ஏனெனில் அவர்கள் குடிப்பதும் ஏரி நீரே. நிலமில்லாதவரும் பெண்டிரும் அவ்வவையில் அமர்க. ஏரி வற்றினால் முதலில் குடம் தூக்கி நடப்பவர் அவர்களே.

நீர்க்கட்டிகள் இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். முதியவர்கள். எந்த மழைக்கு எந்த மதகை எத்தனை சாண் தூக்குவது என்பது அவர்கள் கைக்குத் தெரியும்; எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த மழைக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் படித்த இளைஞன் ஒருவன் ஒரு குறிப்பேட்டோடு அவர்முன் உட்காரட்டும். கேட்டதைக் கேட்டபடியே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். அன்று ஏரியின் கணக்கு ஊரார் கைக்கு வரும்.

வாழ்க தமிழ்! வாழ்க உழவு!